பேட்டரி இருபத்தைந்து ரூபாய்

சீட்டுப் பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு
கைப்பையின் உள்ஜிப்பில்.
கூடவே ஒரு துண்டுச்சீட்டு:
போர்டு நம்பர், ராம் வகை, எத்தனை முள் வயர்
மூடியைக் கழற்றிப் பார்த்து நானே எழுதியது.
பிங்க் பஸ்ஸில் மவுண்ட்ரோடு வரை டிக்கெட் கிடையாது.
மிச்சம் பிடிப்பது அங்கிருந்தே ஆரம்பம்.

ரிச்சி தெருவில்
மூன்றாவது கடைக்காரர் சீட்டைப் படித்துச் சிரித்தார்.
"இந்த போர்டுக்கு இன்னும் உயிர் இருக்கா?
பதினெட்டாயிரம் போடுங்க,
புதுசாவே கட்டித் தரேன்."

பதினெட்டாயிரம்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய் வாங்குகிறேன்.
அறுநூறு பக்கம்.
வாடகைத் தகராறு, ஜீவனாம்சம், செக் பவுன்ஸ்...
எனக்கொரு கம்ப்யூட்டர் வர
சைதாப்பேட்டை இத்தனை சண்டை போட வேண்டுமா?

மாடிப்படிக்குக் கீழே செல்வின் கடை.
கடை என்றால் ஒரு மேஜை,
அதன்மேல் தோலுரித்த போர்டு, ஒரு ஃபேன்.
பழைய ராம் இரண்டு, தலா முந்நூற்றைம்பது.
ஒன்றில் ஏதோ கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர்,
சொத்து எண் 0417.
"யாரோடதுப்பா இது?"
"அதுக்கே தெரியாதுக்கா. கரண்ட் போனா
எல்லாத்தையும் மறந்துடும்."
எஸ்.எஸ்.டி ஆயிரத்து நானூற்றைம்பது.
பேஸ்ட் அறுபது. பேட்டரி இருபத்தைந்து.
டீ பதினைந்து.
மீதி இருநூற்றைம்பதை வைத்துக்கொண்டு
அறுநூற்றைம்பது ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்ஸை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பிரித்தேன்.
அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில்
இன்னும் இருக்கிறது கோடு.
இரண்டாயிரத்துப் பதினைந்தில் அடையாறு
உள்ளே வந்து போன இடம்.
ஒன்பது நாள் வெயிலில் காயவைத்து
பத்தாம் நாள் பொத்தானை அழுத்தியபோது
முழுசாக வேண்டிக்கொள்ளக்கூட நேரம் தராமல் ஓடியது.
அதை எப்படி எடைக்குப் போடுவது?

ப்ராசஸர் மேல் பட்டாணி அளவு பேஸ்ட்.
ராம் இரண்டும் டக், டக்.
பீப், பீப், பீப்.
கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை
பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி டக்.
இந்த முறை சத்தமில்லை.
பழைய டிஸ்க்கை நகலெடுக்க மூன்றரை மணி நேரம்.

பேட்டரியைக் கடைசியில்தான் மாற்றினேன்,
அதைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும் என்றாலும்.
மூன்று வருஷமாகத் தினமும் காலையில்
இந்தப் பெட்டிக்கு ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
தேதியைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.
ஒருநாள் அவசரத்தில் மறந்துபோய்
வக்கீல் அற்புதமேரியின் கட்சிக்காரப் பெண்ணுக்கு
விவாகரத்து மனுவில் அந்தத் தேதியே விழுந்துவிட்டது.
நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்த தாளை
என் மேஜையில் வைத்தாள்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
"அப்ப நான் ஆறாங்கிளாஸ்க்கா" என்றாள்.
"இந்தத் தேதியிலயே ரத்து பண்ணிக் குடுத்தா
ரொம்ப நல்லா இருக்கும்."
சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு
காசு வாங்காமல் திருப்பி அடித்துக் கொடுத்தேன்.
அவள் பெயர் கனிமலர்.
வழக்கு இன்னும் முடியவில்லை.

காலை ஒன்பதரை.
பதினோரு நிமிஷம் எடுத்த பெட்டி
இருபத்திரண்டு நொடியில் எழுந்து
என்னைப் பார்க்கிறது.
நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
பெஞ்சில் இரண்டு பேர், கையில் ஸ்டாம்ப் பேப்பர்.
"ஒரு நிமிஷம்" என்றது வாய், பழக்கத்தில்.
விரல் தானாகத் திரையின் வலது ஓரம் போனது.
தேதி சரியாகத்தான் இருந்தது.
இருந்தாலும் ஒருமுறை திறந்து பார்த்து
மூடினேன்.

எஸ்.எம்.பி.எஸ் ஃபேன் மட்டும்
கொசு போல அழுதுகொண்டிருக்கிறது.
தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு,
பக்கத்து மூடியைப் போடாமல்
சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.
அடுத்த சீட்டு தைக்கு மேல்.