பத்து மீட்டர்

ஷெட்டிகாமில் தென்கிழக்குக் காற்று
கம்பங்களைச் சாய்த்துப்போட்ட வருடம்
கம்பியே வேண்டாமென்று
செலீயின் கைப்பேசியை
வீட்டு ஃபோனோடு புளூடூத்தில் கோத்துவிட்டேன்.
அவளுக்கு அழைப்பு வந்தால்
நான்கு அறையிலும் மணி,
கோழிக்கொட்டகையிலும்.

அப்போதிருந்து
அவள் கார் வாசலுக்குத் திரும்பும்போதே
சமையலறையில் நீல விளக்கு எரியும்.
கெட்டிலைப் போடுவேன்.
கதவில் சாவி நுழைய நாற்பது நொடி.

நேற்றும் எரிந்தது.
தண்ணீர் கொதித்து அடங்கியது.
சாவியைக் காணோம்.
சின்னத் திரையில்
‘லைன் பிஸி’ என்றிருந்தது.

ரிசீவரைக் கையிலெடுத்தேன்.
பச்சைப் பொத்தானை அழுத்தினால்
நானும் அந்தப் பேச்சுக்குள் இருப்பேன்.
நான் செய்த ஏற்பாடுதானே.

ஜன்னலுக்கு வெளியே
பனி பெய்யாத கண்ணாடியில்
வைப்பர் போய்ப்போய் வந்தது.

ரிசீவரை அதன் தொட்டிலில் கவிழ்த்துவிட்டு
கெட்டிலை மறுபடி போட்டேன்,
சத்தம் கொஞ்சம் அதிகமாக வரும்படி
மூடியைத் திறந்து வைத்து.