இருப்புச் சரிபார்ப்பு

மார்கழியில் கணக்கெடுப்பு.
பாசையூர்ச் சிறு நூலகத்தின் யன்னல்களை
ஒரு கிழமையாய் மழை திறக்க விடவில்லை.
பதிவேட்டு இலக்கத்தை நான் வாசிக்க
முதுகில் ஒட்டியதைத் தேடிப் பிடித்து
"இருக்கு" என்கிறார் சபையிலிருந்து வந்தவர்.
இருக்கு. இருக்கு.
கறையான் அரித்திருக்கு, ஆனாலும் இருக்கு.
அட்டை இல்லை. இருக்கு.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு.
சிறுவர் பகுதி, கணவாய் பற்றியது,
முப்பத்திரண்டு பக்கம், வர்ணப் படங்கள்.
அவர் குனிந்து அடித்தட்டைத் துழாவுகிறார்.
நான் நிமிரவில்லை.

அதை டெறிக்சன் பதினொரு தடவை எடுத்தான்.
பின்தாளில் திகதி முத்திரைகள்
ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன.
தாய் குவைத்தில். தகப்பன் விடிய முன் வள்ளத்தில்,
பின்னேரம் கையெழுத்து வைக்கும் நிலையில் இல்லை.
பிணையாளர் என்ற புள்ளிக்கோட்டில்
என் பெயரையே எழுதினேன்.
சட்டப்படி அது கூடாது.

மெற்றில்டா ரீச்சருக்கு என்னில் கோபம்.
புதன்கிழமைகளில் நாலாம் வகுப்பைக் கூட்டி வருவா,
இருபத்தாறு சோடிச் செருப்பும் வாசலில் நேராய் நிற்கும்.
"திரும்பவும் அதையோ குடுத்தனீர்?
அவனுக்கு எழுத்துக் கூட்ட வராது. படம் பாக்கிறான்.
வாற வருசம் புலமைப்பரிசில்."
"பாக்கட்டும் ரீச்சர்" என்றேன்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
படிப்பிக்க நான் படிக்கவில்லை.
அடுக்கத் தெரியும்; பிள்ளை கேட்டதை
இல்லை என்று சொல்லாமல் இருக்கத் தெரியும்.

ஒரு புதன் அவனே எழும்பி வாசித்தான்.
கணவாய்க்கு மூன்று இதயம்.
அதன் இரத்தம் நீலம்.
தடக்கவே இல்லை.
மற்றப் பிள்ளைகள் வாய் பார்த்திருக்க
ரீச்சர் போய் ஒரு பக்கத்தைப் புரட்டினா.
அவன் பழைய பக்கத்தையே தொடர்ந்து வாசித்தான்.

ஆரோ சிரித்தது கேட்டது.
ரீச்சர் ஏசவில்லை.
அந்தச் சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்கக் குந்தி
பக்கத்தைத் திரும்பப் புரட்டி
படத்தை உள்ளங்கையால் மூடினா.
"பாடமாக்கினது நல்லது. இனித் தேடு.
இதயம் எங்க நிக்குது?"

இறால் உரித்த விரல், நகத்தடியில் செம்மை,
வரிக்குள் இறங்கியது, பிந்தியது,
'இ' கண்ட இடத்தில் ஊன்றி நின்றது.
அது இரத்தம்.
"கிட்ட வந்திட்டாய்" என்றா,
"முன்வீட்டில தட்டு."

அதன்பின் புதன்களில் எனக்கிருந்த வேலை
தாள் பறக்காமல் மின்விசிறியைக் குறைப்பதும்
ஐந்துக்குப் பூட்ட வேண்டிய கதவை
ஐந்தரைக்குப் பூட்டுவதும்தான்.

ஐப்பசியில் புத்தகம் திரும்பி வரவில்லை.
நினைவூட்டல் அட்டை எழுதினேன்;
லாச்சிக்குள் கிடக்கிறது.
மீன்சந்தையில் ரீச்சரைக் கண்டபோது
பையை மற்றக் கைக்கு மாற்றிச் சொன்னா:
"தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டுறானாம்.
பிழை விட்டால் அவள் திருத்துறாளாம்,
முழுக்கப் பாடமாக்கிப் போட்டாள்."

சபைக்காரர் பேனையை நீட்டுகிறார்.
கடைசி நிரலின் தலைப்பு அச்சிட்டே வந்திருக்கிறது:
காணாமற்போனவை.

எனக்கு முதல் இந்த மேசையில் இருந்தவ
மகனின் படத்தோடு
இப்பவும் வீதியோரம் நிற்கிறா.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
ஒரு புத்தகத்துக்கு எழுதக் கை வராது.

"விலையைக் கட்டிவிடலாம் மிஸ்,
நூற்றி எண்பதுதானே."
கட்டலாம்.
கட்டினால் அது இல்லை என்றாகிவிடும்.

நிரலைத் தாண்டி ஓரத்து வெள்ளையில் எழுதினேன்:
வாசிப்பில் உள்ளது.

அப்படியொரு வகை இல்லையே, என்றார்.
ஓம், என்றேன்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு, என்றேன்.