பழுக்காத குலை

செவ்வாய், வியாழன், சனி
பகாவ் டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம்.
மீதி நேரமெல்லாம் சொறிகிறேன்.

முதுகில் ஒன்றுமில்லை.
தடிப்பில்லை, சிவப்பில்லை, கொசுகூட இல்லை.
குணவதி டார்ச் அடித்துப் பார்க்கிறாள்,
தொலைந்த திருகாணியைத் தேடுவதுபோல.
கருவாட்டை நிறுத்து என்கிறான் ரொட்டி சானாய் கடைக்காரன்.
யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்கிறாள் எதிர்வீட்டுக்காரி.

"தோலின் மேல் பழி போடாதீர்கள்,"
மலாயில் சொன்னார் டாக்டர் ஹஃபிஸா.
பேனாவின் மூடியால் முதுகில் நேராக ஒரு கோடு இழுத்தார்.
"இதற்குள்ளே, தண்டுவடத்தில்,
வேண்டாம் என்று மட்டுமே சொல்லத் தெரிந்த
நரம்பணுக்கள் இருக்கின்றன.
சட்டை உரசியது, ரோமம் அசைந்தது, எறும்பு போனது,
எல்லாச் சேதியையும் அவை மேலே விடுவதில்லை.
உங்களுக்கு அவை வாயடைத்துப் போயிருக்கலாம்."

எனக்கா புரியாது?
இருபத்திரண்டு வருஷம்
செம்பனை ஆலை வாசலில் குலை தரம் பார்த்தவன்.
லோரி கொட்டும்,
கொக்கிக் கம்பியால் புரட்டுவேன்,
கறுத்துக் கிடந்தால் திருப்பி அனுப்பு.
செத்துப்போன என் தாயை இழுத்துத் திட்டாத டிரைவர் இல்லை.
அம்மை போட்டு நான் படுத்த வாரம்
காயெல்லாம் உள்ளே போய்
எண்ணெய் குறைந்து
மேனேஜர் வீட்டுக்கே வந்து கத்தினார்.

இப்போது என் முதுகெலும்பில் ஆளில்லாத வாசல்.
பனியனில் ஒரு நூல் அசைந்தால் போதும்
லோரி லோரியாக ஏறுகிறது.

நகத்தால் கீறினால் எழுகிறார்கள்.
அவர்களுக்கு வலியிடம்தான் மரியாதை.
எழுந்து, அரிப்பை அமுக்கி,
ஒரு நிமிஷம்.
இல்லை, அரை நிமிஷம்.
பிறகு படுத்துவிடுகிறார்கள்.
பனியனில் ரத்தம்.

குளிருக்கும் எழுவார்களாம்.
அதனால் கோடாலித் தைலம், ஈரத்துண்டு,
ஐஸ் பெட்டியில் உறைந்த சிராப் பாட்டில்.
ராத்திரிக்கு டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரை,
பாதி நாள் கேட்கிறது.

மணி மூன்று.
ஆலைப் புகையின் புளித்த நெடி ஜன்னலில்.
குணவதி தூங்குகிறாள்.
அவள் முழங்கையில் ஒரு கொசு குடித்துவிட்டுப் போனது.
தூக்கத்திலேயே கை போகிறது.
ஒரு சொறி.
இன்னொன்று.
நிறுத்திவிட்டாள்.

எப்படி நிறுத்தினாள் என்று
விடியும்வரை
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.