கழித்தல் குறி

பெர்ன், ஜூலை. லெங்காஸ பக்கம், மூன்றாம் மாடி.
காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவதற்கு எனக்குச் சம்பளம்.

பதினேழு கற்கள். பெயர் கிடையாது, எண்தான்.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
ஏறக்குறைய ஒரே தடம், ஆனால்
பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி
ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.
ஒரு காலத்தில் ஒரே பாறை என்பது சந்தேகம்.
இந்தச் சந்தேகத்துக்குத்தான் குடும்பம் என்று பெயர்.

எதுவோ வந்து மோதியது. மோதியது தூளாகிவிட்டது,
எந்தப் பட்டியலிலும் அது இல்லை.
சிதறியவற்றில் சில, போகும் வேகம் போதாமல்
ஒன்றையொன்று இழுத்து மறுபடி குவிந்தன:
சரளைக் குவியல்கள், உள்ளே ஓட்டையும் பொந்தும்.
மீதி போயே போய்விட்டன.

ஓட்டினேன். பத்து லட்சம் ஆண்டு. நாற்பது லட்சம்.
திரையில் பூனை கலைத்த நூற்கண்டு.
அறுபத்திரண்டு லட்சத்தில்
பதினாறு கோடுகள் ஒரே ஊசிக்காதில் நுழைந்தன.
ஒன்று நுழையவில்லை.

வழிப்போக்கன், என்றாள் உர்சினா. நீக்கிவிடு.
தெருவோடு போகிறவனைப் பந்தியில் உட்காரவைக்காதே.
(அவள் சொன்னது ஜெர்மனில். பந்தி நான் போட்டது.)
நான் நீக்கவில்லை. காரணம் அறிவியல் அல்ல, சோம்பல்:
பதினாறு என்றால் எல்லாப் படத்தையும் திரும்ப வரைய வேண்டும்.

மதியம் ஐக்ஹோல்ட்ஸில் ஆற்றில் குதித்தோம், ஐந்து பேர்,
உடையை நீர்புகாப் பையில் கட்டிக்கொண்டு.
ஒரே கணம், ஒரே அலறல்.
முந்நூறு மீட்டருக்குள் ஒருவர் கரையோரம், ஒருவர் நடுவில்,
லுட்ஸி தலை ஒரு புள்ளி.
மார்ட்சிலியில் கடைசிச் சிவப்புக் கம்பியைப் பிடிக்காவிட்டால்
அப்புறம் தடுப்பணை.
கற்களுக்கும் அப்படியோர் இடம் உண்டு.
வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள்
சூரியனை மூன்றுமுறை சுற்றி முடிக்கும் தூரம்.
அங்கே போய் மாட்டிய கல்
ஊஞ்சலைப் பார்த்துப் பார்த்துத் தள்ளுவது போல
திரும்பத் திரும்பத் தள்ளு வாங்கும்.
பாதை நீளும், நீளும். பல, சூரியனில் விழும்.
பிடிக்கக் கம்பி இல்லை.

மாலை ஒன்பது, இன்னும் வெளிச்சம்.
பழைய நகரத்தில் மேற்குப் பார்த்த ஒரு மணற்கல் சுவரில்
ஈரத் தலையோடு சாய்ந்தேன்.
முதுகில் சூடு. பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர்
இப்போதுதான் வெளியே விடுகிறது, தாமதமாக.

எறும்பு ஊரக் கல் தேயும்.
வெயில் ஊரக் கல் நகரும்:
சுழலும் பாறையின் பிற்பகல் பக்கம் விடும் சூடு
பாறையை ஓர் இம்மி தள்ளும்.
ஓர் இம்மி, அறுபத்திரண்டு லட்சம் ஆண்டு.
சுற்றும் திக்கிலேயே சுழன்றால் வெளியே.
எதிர்த்திக்கில் சுழன்றால் உள்ளே.

எதிர்த்திக்கில் சுழன்றால்.

மற்றப் பதினாறுக்கும் சுழற்சியை யாரோ அளந்திருந்தார்கள்.
இதற்கு அளவில்லை. அந்தக் கட்டத்தில்
நானாகக் கூட்டல் குறி போட்டிருந்தேன்,
படிவத்தில் தெரியாத இடத்தை நிரப்புவது போல.

ஓடவில்லை. பன்னிரண்டாம் எண் பேருந்துக்குக் காத்திருந்தேன்.
மாடியில் விளக்கைப் போடாமலே குறியை மாற்றினேன்.
நூல் நுழைந்தது. சரியாக அல்ல,
காதின் ஓரத்தில் உரசிக்கொண்டு.

காலையில் உர்சினா:
குறியை மாற்றினால் எவனும் சொந்தக்காரன்தான்.
ஒளி அளவு எங்கே?
நியாயம். நவம்பரில்தான் அந்தக் கல் பார்வைக்கு வரும்.
அதுவரை பட்டியலில் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான்கு மாதம். என் கணக்குச் சரியென்றால் அதற்குள்
அதன் தடம் பத்து மீட்டர் உள்ளே வந்திருக்கும்.
தப்பென்றால் அதே பத்து மீட்டர் வெளியே.

அன்று மாலை அந்தச் சுவரை அடிவைத்து அளந்தேன்.
பதினான்கு அடிவைப்பு. பத்து மீட்டர் இருக்கும்.
மறுகோடியிலும் கல் சூடாகத்தான் இருந்தது.