ஈறு கெட்ட பெயர்

லூப்ளின் நகரில், காலை ஐந்தரைக்கு,
வியெஸ்வாவா திக்குகிறாள்.
வாயால் அல்ல.
வாயால் அவள் பேசியதே இல்லை.
விரல்களால்.

ஓட்டல் சலவையறையில் இருபத்தோரு வருடம்
படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை சேர்த்த கை.
இப்போது கோப்பையின் காதுக்குள் நுழைவதில்லை.
கணுக்கள் பூண்டுப் பல்லாய்ப் புடைத்து,
முதல் டிராலி பஸ் முனை திரும்பும் வரை
ஒரு வினைச்சொல்கூட வளைந்து கொடுக்காது.

எதிரே ஸெனான்.
அவனுக்கும் கேட்காது.
தேநீரில் எலுமிச்சை வில்லையை மிதக்க விட்டு
அவள் கைகள் விழிப்பதற்குக் காத்திருப்பான்.

அவன் பெயர் அவர்கள் கைமொழியில் மூன்று அசை:
புருவத் தழும்பைத் தொட்டு,
இரு விரல் சொடுக்கி,
கடைசியில் சுண்டுவிரல் மட்டும் கொக்கியாக மடங்க வேண்டும்.
அந்தக் கொக்கிதான் வருவதில்லை.
இரண்டு வருடமாகக் காலை வேளைகளில்
அவன் ஒரு ஈறு கெட்ட பெயர்.

இன்னொன்றும் இருந்தது.
பல் துலக்கும்போது தொட்டியில் இளஞ்சிவப்பு.
எல்லோருக்கும் வருவதுதானே என்று
குழாயைக் கூடுதலாகத் திறந்து விடுவாள்.
ஆப்பிளைக் கடித்தால் வெள்ளைச் சதையில்
சிவப்பாக ஒரு கையெழுத்து.
ஸெனான் பார்த்தான்.
அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆப்பிள் வாங்கவில்லை.

மூட்டு மருத்துவர் ஒட்டிலியா
முகக்கவசத்தை இறக்கி, உதடு தெரியச் சொன்னார்:
வாயைத் திறங்கள்.
வலி கையில், வாயில் இல்லை என்றாள் வியெஸ்வாவா.
கையால்தான் சொன்னாள். சொன்னதும் வலித்தது.

ஈறின் இடுக்கில் குடியேறும் சில கிருமிகள்
உடம்பின் புரதத்தைக் கொஞ்சம் திருத்திவிடலாம்.
திருத்திய முகத்தைக் காவல்படை அந்நியம் என எண்ணலாம்.
எண்ணினால், மூட்டு மூட்டாகப் புகுந்து
சொந்த வீட்டையே அடித்து நொறுக்கலாம்.
மொழிபெயர்த்த பையன் கோர்னெல்
அந்த 'லாம்'களை மட்டும் இரண்டிரண்டு தடவை செய்துகாட்டினான்.
நிச்சயமில்லை. நிச்சயமில்லை.
ஆனாலும் பல் மருத்துவரிடம் போங்கள்.

நான் இதை எழுதும் மொழியில்
பல்லின் கரைக்கும் சொல்லின் கடைசிக்கும்
பெயர் ஒன்றுதான்: ஈறு.
எலும்பு எலும்பைச் சந்திக்கும் இடமும்
அடுப்பைப் பார்த்து இடும் கட்டளையும்
மூட்டு.
பல் போனால் சொல் போச்சு என்றவர்
விரலால் பேசும் பெண்ணை நினைத்திருக்க மாட்டார்.
லூப்ளினில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.
தெரிந்து ஆகப் போவதும் இல்லை.

நான்கு வியாழக்கிழமைகள்.
மரத்துப்போன ஈறுக்கடியில் இரும்பு சுரண்டும்
சத்தம் அவளுக்கு இல்லை,
தாடை வழியாக ஏறும் அதிர்வு மட்டும்.
வாய் திறந்தே கிடக்க,
கைகள் நாற்காலியைப் பிடித்திருக்க,
அந்த நேரம்தான் அவள் முழு ஊமை.
கால்மாட்டில் நின்ற ஸெனான்
அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது வாரம் இடது கை எழுந்தது: போதும்.
பல் மருத்துவருக்குக் கைமொழி தெரியாது.
அந்த ஒரு சொல் புரிந்தது.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
மாத்திரை தொடர்கிறது, ஊசியும்.
வியாழன் முடிந்தால் வெள்ளி முழுக்க வலி.

மார்ச்சில் ஒரு காலை,
பஸ் வருவதற்கு முன்பே,
புருவம், சொடுக்கு, அதன்பின்
சுண்டுவிரல் பாதி மடங்கியது.
ஸெனான் திரும்பிப் பின்னால் பார்த்தான்,
யாரை இவ்வளவு நீளமாகக் கூப்பிடுகிறாள் என்று.
குட்டைப் பெயருக்கு அவன் பழகிவிட்டிருந்தான்.

மறுநாள் மழை. கொக்கி வரவில்லை.
அவள் பல் துலக்கித் துப்பினாள்.
தண்ணீர் தண்ணீராகவே போயிற்று.
குழாயை மூடிவிட்டு
வெறும் தொட்டியைக் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டு நின்றாள்.