பதினோரு நிமிடம்

பிற்பகலில் மட்டும் மெதுவாகிற சுவர்க்கடிகாரம் அது.
யூரா மலையில், மெர்மோ தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில்.
நான் செலீ. வயது பதினேழு.
கடிகார முகத்தில் எண்கள் எழுதுகிற வேலை.
நான்கு மணிக்கு முன்பே கழுத்து ஒடிகிறதே,
என் சோம்பல்தான் என்று நம்பியிருந்தேன்.

ஏணி போட்டவர் நூமா ஜோபன்.
சுருள்வில் பொருத்துகிறவர்;
தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்த் தும்முகிறவர்.
வலக்கண்ணில் வில்லையை இடுக்கிக்கொண்டு
ஊசலைப் பார்த்தார், வெகுநேரம்.
இறங்கி வந்து சொன்னார்:
"நாளுக்குப் பதினோரு நிமிடம்.
நாம் நூற்று நாற்பது பேர். பெருக்கிக்கொள்ளுங்கள்."

பெருக்கினோம்.
வெள்ளிக்கிழமை அவர் கணக்கை முடித்தார்கள்.
திங்களன்று ஒருவரும் உட்காரவில்லை.

ஆறு வாரம் உருளைக்கிழங்கு சூப்.
பாலத்தில் துப்பாக்கியோடு நின்ற பையன்களுக்கும்
குளிரில் மூக்கு ஒழுகியது; அவர்களுக்கும் ஊற்றினோம்.
கடைசியில் முதலாளி புதுக் கடிகாரம் வாங்கினார்.
சாவி சங்கத்திடம்.

பிறகு அவர் கைகள் தடித்தன.
சந்தாப் புத்தகம், சைக்கிள், பனி, மேடை.
சுருள்வில்லைத் தொடப் பயமாக இருக்கிறது என்றார் ஒருமுறை.
பெர்னுக்கு ரயில் ஏற்றிவிட்டோம், உறுப்பினராக.
ஏற்றிவிட்டவர்களில் பாதிப் பேருக்கு வாக்கு கிடையாது.
பெண்கள்.

இனி வேலைநிறுத்தமே இல்லை என்று
அவர் கையெழுத்திட்ட தாளில் பொடிப்பொடி எழுத்து.
வில்லை இல்லாமல் படிக்க முடியாது.
சிலர் காறித் துப்பினார்கள். நான் துப்பவில்லை,
கூலி கொஞ்சம் கூடியிருந்தது.

ஆனால் எங்கள் வாக்கைப் பற்றிக் கேட்டபோது
"இன்னும் நேரம் வரவில்லை, செலீ" என்றார்.
எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாரோ.
அன்று ஏணி என்னிடம் இல்லை.
அடுத்த வாரம் தேடிக்கொண்டேன்.
கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன்.
அவர் வீட்டில் அவர் மனைவி போட்டாள்,
அடுப்படியில் நின்று, மாவுக் கையோடு.

வாக்குச்சாவடியில் பட்டியலோடு அவரே உட்கார்ந்திருந்தார்.
கிழவர். காதும் மந்தம்.
என் பெயரை இரண்டு முறை சொன்னேன்.
சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய வில்லையை எடுத்து
வரிவரியாக இறங்கினார்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
நான் அவசரப்படுத்தவில்லை;
பிழை தேடுகிறபோதும் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.
விரல் ஓரிடத்தில் நின்றது.
"இருக்கிறாய்" என்றார்.

தெரியும் என்றேன், சத்தமாக.