மூன்று வரை

வெள்ளி இரவுகளில் டர்பன் மண்டபத்தில்
அவனுக்கு நான்தான் நடுவர்.
பெயர் வீராசாமி மூட்லி.
சுவரொட்டியில் ‘பஞ்சாப் சுல்தான்’,
ஒட்டுத்தாடி, பச்சைத் தலைப்பாகை.
பத்து ரேண்டுக்கு
ஆறாம் நிமிடம் விழவேண்டும் என்று பேச்சு.
விழுவான்.
கித்தானில் என் உள்ளங்கை அறையும்:
ஒன்று, இரண்டு, மூன்று.
கூட்டம் ஆரஞ்சுத் தோல் எறியும்.

ஒரே ஒரு தரம் பேச்சை மீறினான்.
உள்ளே கேன் சாராயம்,
எதிரே கிளேர்வுட் பையன் பாபி லுட்ச்மன்.
தூக்கி அடித்தபோது வந்த சத்தம்
பலகையினுடையது அல்ல.
எண்ண வேண்டிய நான்
கையைத் தூக்கியபடியே நின்றேன்.

பாபி இப்போது சாட்ஸ்வொர்த்தில்,
சன்னலோரம், சக்கர நாற்காலியில்.
வீராசாமியின் குடியை நிறுத்தியது
எந்தச் சாமியோ, எனக்குத் தெரியாது.
முதலில் ஒரு பாஸ்டரின் கூடாரத்தில் அழுதான்,
பிறகு மாரியம்மன்.
ஞாயிறுதோறும் சவரக்கத்தியோடு பாபி வீட்டுக்குப் போவான்.
ஒரு வருஷம் பாபி பேசவில்லை,
தாடையை மட்டும் நீட்டினான்.

இந்தப் புனித வெள்ளி, மௌண்ட் எட்ஜ்கம்பில் தீமிதி.
குழி தாண்டி, சாம்பல் காலோடு
அம்மன் முன்னால் விழுந்தான்,
மல்லாந்து அல்ல, குப்புற.
காசு கொடுத்து யாரும் சொல்லவில்லை.
தோள் படிந்தால் தோல்வி, அது என் சட்டம்.
நெஞ்சு படிந்தால் என்ன என்று
எந்த விதிப்புத்தகத்திலும் படித்ததில்லை.

பழக்கம் பாருங்கள்,
என் கை தானாக எழுந்தது.
ஒன்று என்றேன்.
இரண்டு என்றேன்.
பக்கத்து நாற்காலியிலிருந்து பாபி சொன்னான்:
“எண்ணாதீங்க அண்ணே.
கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.”